கொல்லாமல் நிறுத்துவது

போடிநாயக்கனூரில் ஏலக்காய் ஏலம் ஒரு காலத்தில் குரலால் நடந்தது. இப்போது விரலால் நடக்கிறது. மலைத் தோட்டங்களில் பறித்து, ஸ்டோரில் உலர்த்தி, மூட்டை கட்டி இறக்கிய சரக்கு லாட் லாட்டாக விற்பனைக்கு வருகிறது. வியாபாரிகள் மாதிரியைக் கையில் எடுத்து நிறம், பருமன், லிட்டர் எடை எல்லாம் பார்த்துவிட்டு, எதிரிலுள்ள கணினியில் விலையைத் தட்டுகிறார்கள். கொச்சியைத் தலைமையிடமாகக் கொண்ட ஸ்பைசஸ் போர்டின் மேற்பார்வையில் நடக்கும் இந்த மின்னணு ஏலத்துக்கு இரண்டு களங்கள் உண்டு. தமிழ்நாட்டுப் பக்கம் போடி, கேரளப் பக்கம் இடுக்கி மாவட்டத்துப் புத்தடி. கோவிட் காலத்தில் மாநில எல்லையைத் தாண்டுவது சிரமமாகிப்போக, 2021இல் இரண்டு ஊர்களிலிருந்தும் ஒரே ஏலத்தில் ஒரே நேரத்தில் பங்கேற்கும்படி கிளவுட் வழி ஏலம் வந்தது. போடிமெட்டுச் சாலையின் கொண்டை ஊசி வளைவுகளை ஏறி இறங்காமலே, மலைக்கு அந்தப் பக்கம் இருப்பவரோடு போட்டியிட வழி பிறந்தது.

அந்த விரல் தட்டலுக்கு அடியில் ஒரு தரவுத்தளம் உழைத்தாக வேண்டும். ஒருவர் விலை கேட்டதும் பல காரியங்கள் சேர்ந்து நடக்க வேண்டும். அந்த லாட் இன்னும் திறந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கேட்ட விலை முந்தைய விலையைவிட அதிகமா என்று ஒப்பிட வேண்டும். புதிய விலையை எழுத வேண்டும். கேட்டவர் பெயரை அதனோடு சேர்க்க வேண்டும். இவற்றில் பாதி நடந்து பாதி நின்றால் ஒருவர் கேட்ட விலையில் இன்னொருவர் பெயர் நிற்கும். ஆகவே எல்லாம் நடந்தாக வேண்டும்; இல்லாவிட்டால் எதுவுமே நடக்காதது போல ஆகிவிட வேண்டும். இந்தக் கட்டுக்குப் பரிவர்த்தனை என்று பெயர். வங்கிப் பணமாற்றமும் ரயில் முன்பதிவும் இதே கட்டுக்குள்தான் ஓடுகின்றன. இதன் இலக்கணத்தை வகுத்தவர்களில் முதன்மையானவர் அமெரிக்கக் கணினி அறிஞர் ஜிம் கிரே. அந்தப் பணிக்காக 1998ஆம் ஆண்டின் டூரிங் விருதைப் பெற்றார்.

இப்படிப்பட்ட ஒரு சர்வரில் ஏதோ ஒரு வேலை கட்டுமீறி ஓடினால் என்ன செய்வது என்பதே இந்த அத்தியாயத்தின் கேள்வி. ஏலம் நடந்துகொண்டிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். திடீரென்று திரைகள் உறைகின்றன. அலுவலகத்தில் யாரோ கேட்ட ஒரு கணக்குதான் காரணம் என்று தெரிகிறது. "அதைக் கொன்றுவிடு" என்று பின்னாலிருந்து ஒருவர் சொல்வார். லினக்ஸில் அதற்கென்றே 'கில்' என்று ஒரு கட்டளையும் இருக்கிறது. அதைத் தவறாகக் கொடுத்தால் ஒரு வேலையோடு சேர்ந்து மொத்த ஏலமும் அறுந்துபோகும். ஏன் அப்படி ஆகிறது என்பதை போஸ்ட்கிரெஸ்கியூஎல் என்ற தரவுத்தளத்தை வைத்துப் பார்ப்போம். 1986இல் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் மைக்கேல் ஸ்டோன்பிரேக்கர் தலைமையில் தொடங்கிய ஆய்வின் வாரிசு அது. அதன் மூல நிரல் யார் வேண்டுமானாலும் படிக்கும்படி திறந்து கிடப்பதால், உள்ளே என்ன நடக்கிறது என்பதில் மர்மம் எதுவும் இல்லை.

யார் குற்றவாளி?

சர்வர் திணறும்போது நிற்காத வேலை மூன்று வகையில் தென்படும். மூன்றுக்கும் மருந்து வேறு.

முதல் வகை, உண்மையிலேயே ஓடுவது. லாட் அட்டவணையில் 5,000 வரிகள், விலைக்கேட்பு அட்டவணையில் 2 லட்சம் வரிகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டையும் லாட் எண்ணால் இணைத்துக் கணக்குக் கேட்க வேண்டிய ஒருவர், அந்த இணைப்பு நிபந்தனையை எழுத மறந்துவிடுகிறார். சர்வர் ஒவ்வொரு லாட்டையும் ஒவ்வொரு கேட்போடும் பொருத்திப் பார்க்கத் தொடங்கும். மொத்தம் 100 கோடி ஜோடிகள். பிராசஸர் சூடேறும், தற்காலிகக் கோப்புகள் வட்டை நிரப்பும். கேட்டவரோ திரை அசையவில்லை என்று ஜன்னலை மூடிவிட்டு மீண்டும் கேட்பார். பழைய கேள்வி சர்வரில் ஓடிக்கொண்டே இருக்கும்; இப்போது அதற்குத் துணையாக இன்னொன்று.

இரண்டாவது வகை எதுவுமே செய்யாமல் கெடுப்பது. ஒரு நிரல் பரிவர்த்தனையைத் திறக்கிறது, ஒரு வரியை மாற்றுகிறது, முடிப்பதற்குள் வேறெதற்கோ காத்து நிற்கிறது. மாற்றிய வரியின் மேல் போட்ட பூட்டு அப்படியே இருக்கிறது. பிராசஸரைப் பார்த்தால் அமைதி. ஆனால் அந்த வரியை மாற்ற விரும்பும் அத்தனை பேரும் வரிசையில். போஸ்ட்கிரெஸின் பதிவில் இந்த நிலைக்குப் பெயர் 'ஐடில் இன் டிரான்சாக்ஷன்'.

மூன்றாவது வகை, பாவம், பலியானது. அது வெகுநேரமாக நிற்பது போலத் தெரியும். உண்மையில் வேறொருவரின் பூட்டுக்காகக் காத்திருக்கிறது. அதை நிறுத்தினால் பயன் எதுவும் இல்லை, அடுத்த பலியாள் அந்த இடத்துக்கு வருவார்.

இந்த வகைகள் ஒன்றோடொன்று சேர்ந்துகொள்வதும் உண்டு. மறந்துபோன ஒரு பரிவர்த்தனை, லாட் அட்டவணையைப் படித்துவிட்டுத் திறந்தே கிடக்கிறது. அந்த நேரத்தில் நிர்வாகி அதே அட்டவணையில் ஒரு புதிய பத்தி சேர்க்கக் கட்டளை கொடுக்கிறார். அதற்கு அட்டவணை முழுவதன் மேலும் தனியுரிமைப் பூட்டு வேண்டும். கிடைக்காது, காத்திருக்கிறது. அதற்குப் பின்னால் வரும் சாதாரண வாசிப்புகள் எல்லாம் அந்தக் கட்டளைக்குப் பின்னால் வரிசையில் நின்றுவிடுகின்றன. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு நூறு வேலைகள் ஒரே நேரத்தில் பைத்தியம் பிடித்து நிற்பதாகத் தோன்றும். பிழை ஒன்றே ஒன்றுதான், அதுவும் எந்தச் சத்தமும் போடாமல் இருப்பது.

ஆகவே முதல் வேலை பார்ப்பது. 'பிஜி_ஸ்டாட்_ஆக்டிவிட்டி' என்ற காட்சிப் பட்டியலைக் கேட்டால், இணைந்திருக்கும் ஒவ்வொரு செஷனும் யார், எங்கிருந்து வந்தது, பரிவர்த்தனை எப்போது தொடங்கியது, இப்போது எதற்காகக் காத்திருக்கிறது என்று சொல்லும். 2016இல் வந்த 9.6 பதிப்பு முதல் 'பிஜி_பிளாக்கிங்_பிட்ஸ்' என்று ஒரு வசதியும் உண்டு. ஒரு வேலையின் எண்ணைக் கொடுத்தால் அதை மறித்து நிற்பவர்களின் எண்களைத் தரும். அந்தச் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு மேலே போனால் தலையில் உட்கார்ந்திருப்பவர் தெரிவார். எவர் அதிக நேரம் நிற்கிறார் என்று பார்த்து முடிவெடுப்பது தவறு. எவர் எவரை நிறுத்தி வைத்திருக்கிறார் என்றுதான் பார்க்க வேண்டும்.

பொதுப் பலகை

போஸ்ட்கிரெஸ் சர்வர் ஒரே நிரல் போலத் தெரிந்தாலும் உள்ளே அது ஒரு குடும்பம். 'போஸ்ட்மாஸ்டர்' என்ற தாய்ப் புரோசஸ் வாசலில் நிற்கிறது. புதிதாக ஓர் இணைப்பு வந்ததும் அதற்கென்று ஒரு சேய்ப் புரோசஸை உருவாக்கிக் கொடுத்துவிட்டு மீண்டும் வாசலுக்கு வந்துவிடும். நூறு வியாபாரிகளின் நிரல்கள் நேரடியாக இணைந்தால் நூறு சேய்கள். ஒவ்வொன்றுக்கும் லினக்ஸ் கொடுத்த ஓர் எண் உண்டு.

இந்தச் சேய்கள் தனித்தனியாக வேலை செய்தாலும் ஒரு பெரிய நினைவகப் பகுதியைப் பங்கிட்டுக்கொள்கின்றன. வட்டிலிருந்து படித்த பக்கங்கள், 8 கிலோபைட் அளவு கொண்ட துண்டுகளாக, அங்கேதான் இருக்கும். யார் எதைப் பூட்டியிருக்கிறார் என்ற பட்டியலும் அங்கேதான். ஒரு சேய் அதில் எழுதும்போது மற்றவர்கள் குறுக்கே வராமலிருக்க மிகச் சிறிய காவல்பூட்டுகளைப் போட்டுக்கொள்ளும். பெரும்பாலும் நொடியில் ஒரு சிறு துணுக்கு நேரத்துக்குத்தான்.

அந்தத் துணுக்கு நேரத்தில் அந்தச் சேய் செத்துப்போனால்? பக்கத்தில் பாதி எழுதியிருக்கலாம். பட்டியலில் ஒரு சுட்டியை மாற்றிவிட்டு அதன் இணைச் சுட்டியை மாற்றாமல் விட்டிருக்கலாம். காவல்பூட்டு திறக்க ஆளில்லாமல் அப்படியே கிடக்கலாம். அப்படி நடந்ததா இல்லையா என்று தாய்க்குத் தெரிய வழியில்லை. அதனால் அது கெட்டதையே எதிர்பார்க்கும்படி எழுதப்பட்டிருக்கிறது. ஒரு சேய் முறைப்படி விடைபெறாமல் இறந்தது தெரிந்ததும் மற்ற எல்லாச் சேய்களையும் உடனே வெளியேறச் சொல்லும். பொது நினைவகத்தைத் துடைத்துவிட்டுப் புதிதாக அமைக்கும். பிறகு மீட்பு வேலையில் இறங்கும். ஒரு புரோசஸைக் கொன்றதற்கு நூறு இணைப்புகள் போவது இதனால்தான். ஏல அரங்கில் இப்படி நடந்தால், அந்த ஓடுகாலிக் கணக்கைப் பற்றிக் கேள்விப்பட்டே இராத புத்தடி வியாபாரியின் திரையும் இணைப்பு அறுந்து நிற்கும்.

எழுதி முடித்து உறுதிசெய்த விலைகள் அழியாது. நடுவில் இருந்தவை எல்லாம் போய்விடும்.

நான்கு விதமான 'நிறுத்து'

யூனிக்ஸ் வழி வந்த இயங்குதளங்களில் ஒரு புரோசஸுக்குச் செய்தி சொல்ல சிக்னல்கள் இருக்கின்றன. 'கில்' கட்டளை உண்மையில் செய்வது கொல்வதில்லை, சிக்னல் அனுப்புவது மட்டும்தான். எந்தச் சிக்னல் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. 2ஆம் எண் சிக்னல் 'சிக்இன்ட்'. விசைப்பலகையில் கண்ட்ரோல்-சி அழுத்தினால் போவது இது. 15ஆம் எண் 'சிக்டெர்ம்', முடித்துக்கொள் என்ற வேண்டுகோள். 3ஆம் எண் 'சிக்குவிட்', உடனே வெளியேறு என்பது. 9ஆம் எண் 'சிக்கில்'. முதல் மூன்றையும் புரோசஸ் தானே வாங்கி, தன் விருப்பப்படி நடந்துகொள்ளலாம். ஒன்பதை அது வாங்குவதே இல்லை. இயங்குதளக் கருவே புரோசஸை அழித்துவிடும். கடைசி வார்த்தை பேச வாய்ப்பில்லை.

போஸ்ட்கிரெஸின் சேய்க்குச் சிக்இன்ட் போனால், 'ஓடும் கேள்வியை மட்டும் கைவிடு, இணைப்பு இருக்கட்டும்' என்று பொருள். சிக்டெர்ம் போனால், 'பரிவர்த்தனையைத் திருப்பிவிட்டு, பூட்டுகளைத் திறந்துவிட்டு, வெளியேறு' என்று பொருள். நிர்வாகி சிக்னல் எண்களை நினைவில் வைத்திருக்கத் தேவையில்லை. தரவுத்தளத்துக்குள்ளிருந்தே 'பிஜி_கேன்சல்_பேக்எண்ட்', 'பிஜி_டெர்மினேட்_பேக்எண்ட்' என்ற இரண்டு செயல்கூறுகளை அழைத்தால் போதும். முதலாவது கேள்வியை ரத்து செய்யும், இரண்டாவது இணைப்பையே முடிக்கும்.

சிக்னல் வந்ததும் சேய் அதே கணத்தில் நின்றுவிடாது. ஒரு சிறு கொடியை உயர்த்திக்கொண்டு வேலையைத் தொடரும். நிரலின் வழியெங்கும், நின்றால் ஆபத்தில்லை என்று எழுதியவர்களுக்குத் தெரிந்த இடங்களில், 'கொடி உயர்ந்திருக்கிறதா' என்று பார்க்கும் ஒரு வரி வைக்கப்பட்டிருக்கிறது. அங்கே வந்ததும்தான் நிற்கும். போடிமெட்டிலிருந்து ஆளேற்றி இறங்கும் ஜீப்பில், வளைவின் நடுவில் ஒருவர் "நிறுத்துங்கண்ணே" என்றால் ஓட்டுநர் அங்கேயே பிரேக்கை மிதிக்க மாட்டார்; வளைவைக் கடந்து, ஓரத்தில் இடம் இருக்கும் இடத்தில் ஒதுக்குவார். சேயும் அப்படித்தான். பொது நினைவகத்தைத் திருத்திக்கொண்டிருக்கும் நெருக்கடியான பகுதியில் எந்த வேண்டுகோளையும் அது கேட்பதில்லை.

இதில் இரண்டு நுணுக்கங்கள் பலரைத் தடுக்கிவிடுகின்றன. மேலே சொன்ன இரண்டு செயல்கூறுகளில் எது 'ஆம்' என்று பதில் தந்தாலும் சிக்னல் போய்ச் சேர்ந்தது என்று மட்டுமே பொருள். புரோசஸ் நின்றுவிட்டது என்று பொருளில்லை. மீண்டும் பட்டியலைப் பார்க்க வேண்டும். இரண்டாவது, எதுவும் ஓட்டாமல் பூட்டைப் பிடித்துக்கொண்டு தூங்கும் செஷனிடம் 'கேள்வியைக் கைவிடு' என்றால் கைவிட அதனிடம் கேள்வியே இல்லை. அதற்கு இணைப்பை முடிக்கும் கட்டளைதான் பலிக்கும்.

வேண்டுகோள் கேட்காதவர்களும் உண்டு. வட்டு பழுதாகி, படிக்கக் கேட்ட பக்கம் வராமல் கருவுக்குள்ளேயே முடங்கிக் கிடக்கும் புரோசஸை லினக்ஸ் 'டி' என்ற எழுத்தால் காட்டும். அந்த நிலையில் ஒன்பதாம் சிக்னலும் வேலை செய்யாது. அங்கே பார்க்க வேண்டியது வட்டை. மீண்டும் மீண்டும் கில் தட்டுவதில் கை வலிதான் மிச்சம்.

திரும்பி வரும் பாதை

நிறுத்துவது பாதி வேலை. பாதி செய்ததை இல்லாமல் ஆக்குவது மறுபாதி. இங்கே ஒரு தமிழ்நாட்டுப் பெயர் வருகிறது. சி. மோகன், தமிழ்நாட்டில் பிறந்தவர். ஐஐடி மெட்ராஸில் வேதிப்பொறியியல் படித்துவிட்டு 1977இல் அமெரிக்கா போனார். ஆஸ்டினில் கணினி அறிவியலில் முனைவர் பட்டம் பெற்று 1981இல் ஐபிஎம் ஆய்வகத்தில் சேர்ந்தார். 1992 மார்ச்சில் அவரும் சகாக்கள் நால்வரும் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை 'ஏரிஸ்' என்ற மீட்பு முறையை விளக்கியது. ஐபிஎம்மின் டிபி2, மைக்ரோசாஃப்டின் எஸ்கியூஎல் சர்வர் ஆகியவை அந்த வழியில் நடப்பவை.

அடிப்படை விதி எளியது: எதையும் மாற்றும் முன் மாற்றப்போவதைக் குறிப்பேட்டில் எழுது, குறிப்பு வட்டில் பதிந்த பிறகே மாறிய பக்கம் வட்டுக்குப் போகலாம். சர்வர் விழுந்து எழுந்தால் ஏரிஸ் மூன்று நடை நடக்கும். முதல் நடையில் குறிப்பேட்டைப் படித்து, விழுந்த நேரத்தில் யார் யார் பாதி வழியில் இருந்தார்கள் என்று கண்டுபிடிக்கும். இரண்டாம் நடையில் நடந்ததை எல்லாம், தோற்றவர்கள் செய்தது உட்பட, அப்படியே திரும்ப நடத்தும். மூன்றாம் நடையில், முடிக்காதவர்களின் மாற்றங்களைப் பின்னாலிருந்து ஒவ்வொன்றாக அவிழ்க்கும். அவிழ்ப்பதையும் அது குறிப்பேட்டில் எழுதுகிறது என்பதுதான் இதன் அழகு. அவிழ்த்துக்கொண்டிருக்கும்போதே மின்சாரம் மறுபடி போனாலும், விட்ட இடத்திலிருந்து தொடரலாம். அவிழ்த்ததை மீண்டும் அவிழ்க்க வேண்டியதில்லை.

இதிலிருந்து நடைமுறைக்கு ஒரு பாடம் கிடைக்கிறது. ஒரு கோடி வரிகளை மாற்றிய வேலையை நடுவில் நிறுத்தினால், அவிழ்க்கும் வகைத் தரவுத்தளம் அத்தனையையும் திரும்ப மாற்றியாக வேண்டும். முன்னே போக எடுத்த நேரத்தைவிட அதிகமும் ஆகலாம். 'நிறுத்தச் சொல்லி அரைமணி ஆச்சு, இன்னும் நிக்கலையே' என்று பொறுமையிழந்து சர்வரை அணைத்துப் போடுகிறவர்கள் அங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். மைஎஸ்கியூஎல் என்ற தரவுத்தளத்தின் சேமிப்புப் பொறியான இன்னோடிபி, மீண்டும் எழுந்ததும் மிச்சமிருக்கும் அவிழ்ப்பை அதே இடத்திலிருந்து தொடரும். கடன் அப்படியே இருக்கும்.

போஸ்ட்கிரெஸ் இந்த விஷயத்தில் வேறு வழி. வரியை மாற்றும்போது பழைய பிரதியை அழிக்காமல் பக்கத்திலேயே புதிய பிரதியை எழுதுகிறது. பரிவர்த்தனை தோற்றால் 'இது செல்லாது' என்று ஒரு குறி போட்டால் போதும். திரும்புவது கிட்டத்தட்ட உடனே முடிந்துவிடும். அதற்கு விலை, செல்லாத பிரதிகள் குப்பையாகத் தங்குவது. அதைக் கூட்ட 'வேக்யூம்' என்ற வேலை பின்னணியில் ஓடுகிறது. வெகுநேரம் திறந்து கிடக்கும் ஒரே ஒரு பரிவர்த்தனை, 'என் கண்ணுக்குப் பழைய பிரதி தேவைப்படலாம்' என்ற உரிமையில், அந்தக் கூட்டும் வேலையையும் தடுத்துவிடும். தூங்கும் செஷனை அசட்டையாக விடக் கூடாது என்பதற்கு இது இன்னொரு காரணம்.

ஆளில்லாமல் விழும் அடி

ஒன்பதாம் சிக்னலை எப்போதும் மனிதர்தான் அனுப்புவார் என்றில்லை. நினைவகம் தீர்ந்துபோனால் லினக்ஸ் கருவே ஒரு புரோசஸைத் தேர்ந்து கொன்றுவிடும். அதிகம் தின்பவர்மேல்தான் அதன் கண் போகும். தரவுத்தள சர்வரில் அதிகம் தின்பது பெரும்பாலும் தரவுத்தளமே. அதனால்தான் போஸ்ட்கிரெஸின் கையேடு, கையில் இல்லாத நினைவகத்தை லினக்ஸ் வாக்குக் கொடுக்காமல் தடுக்கும் அமைப்பைப் பரிந்துரைக்கிறது. கேட்டபோதே 'இல்லை' என்று பதில் வந்தால் அந்த ஒரு கேள்வி மட்டும் பிழைச் செய்தியோடு தோற்கும்; வீடு முழுவதும் இடியாது.

எல்லாவற்றிலும் கொடியது தாயை, அதாவது போஸ்ட்மாஸ்டரையே, ஒன்பதால் கொல்வது. சேய்கள் சில, தாய் போனது தெரியாமல் பழைய பொது நினைவகத்தோடு ஓடிக்கொண்டிருக்கலாம். புதிய சர்வரைத் தொடங்கப் போனால் அது மறுக்கும். 'போஸ்ட்மாஸ்டர்.பிட்' என்ற பூட்டுக்கோப்பை அழித்துவிட்டால் சரியாகிவிடும் என்று ஒரு குறுக்கு யோசனை தோன்றும். பழைய சேய்கள் உயிரோடிருக்கையில் அந்தக் கோப்பை அழிப்பது, ஒரே வட்டில் இரண்டு சர்வர்கள் ஒன்றையொன்று அறியாமல் எழுத வழிவிடுவது. அப்படிக் கெட்ட தரவை எந்தக் குறிப்பேடும் மீட்காது.

தாயை முறைப்படி நிறுத்த மூன்று வழிகள் இருக்கின்றன. 'ஸ்மார்ட்' எல்லோரும் தாமாகப் போகும்வரை காத்திருக்கும். 'ஃபாஸ்ட்' ஓடும் பரிவர்த்தனைகளைத் திருப்பிவிட்டு ஒழுங்காக மூடும், 9.5 பதிப்பு முதல் இதுவே இயல்பு வழி. 'இமீடியட்' உடனே மூடும். எழும்போது மீட்பு நடக்க வேண்டியிருக்கும். தாய்க்கும் சேய்க்கும் சிக்னல்களின் பொருள் வேறு என்பதையும் இங்கே கவனிக்க வேண்டும். சேயிடம் 'கேள்வியைக் கைவிடு' என்று பொருள்தரும் சிக்இன்ட், தாயிடம் 'சர்வரையே மூடு' என்று பொருள்தரும். எண்ணைத் தவறாகத் தட்டினால் மெல்லிய சிக்னலும் பெரிய விபத்தாகும்.

நிறுத்தும் நிலைக்கே வராமல்

நல்ல நிர்வாகம் நள்ளிரவில் கில் தட்டுவதில் இல்லை. தட்ட வேண்டிய அவசியம் வராமல் பார்ப்பதில் இருக்கிறது. ஒரு கேள்வி அதிகபட்சம் எத்தனை நொடி ஓடலாம் என்ற வரம்பை ஒவ்வொரு பயனர் வகைக்கும் தனித்தனியாக வைக்கலாம். இயல்பில் இந்த வரம்பு அணைந்தே இருக்கும். வைக்க வேண்டியது நாம்தான். பூட்டுக்காக எவ்வளவு காத்திருக்கலாம் என்பதற்கு ஒரு வரம்பு உண்டு. பரிவர்த்தனையைத் திறந்துவிட்டுத் தூங்குபவரை வெளியேற்றும் வரம்பு 9.6 பதிப்பில் வந்தது. மொத்தப் பரிவர்த்தனைக்குமான வரம்பு 2024இல் வெளியான 17ஆம் பதிப்பில் வந்தது. அட்டவணையின் அமைப்பை மாற்றப் போகிறவர் முதலில் பூட்டு வரம்பைச் சில நொடியாகக் குறைத்துக்கொண்டால், கிடைக்காதபோது தானே விலகி மற்றவர்களுக்கு வழிவிடுவார்.

கனமான கணக்குகளுக்குத் தனி இடமே சிறந்தது. மூல சர்வரின் குறிப்பேட்டை வாங்கி வாங்கித் தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும் நகல் சர்வர் ஒன்றை வைத்துக்கொண்டு, பருவக் கணக்கு கேட்பவர்களை அங்கே அனுப்பிவிடலாம். ஏலம் நடக்கும் சர்வரில் ஏலம் மட்டும் நடக்கட்டும்.

அப்படியும் ஒருநாள் ஏதாவது கட்டுமீறும். அன்றைக்கு வரிசை இதுதான். முதலில் பட்டியலைப் பாருங்கள். மறித்து நிற்பவர் யார் என்று கண்டுபிடியுங்கள். அது யாருடைய வேலை, நிறுத்தினால் என்ன இழப்பு என்று முடிந்தால் உரியவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். கேள்வியை ரத்து செய்து, காத்திருங்கள். நிற்கவில்லை என்றால் இணைப்பை முடியுங்கள். முடிக்கும் முன், அந்த எண் இன்னும் அதே வேலைக்குரியதுதானா என்று ஒருமுறை சரிபாருங்கள், ஏனென்றால் இணைப்புகளைப் பலரிடையே பகிரும் அமைப்புகளில் இடைப்பட்ட நேரத்தில் அதே எண்ணில் வேறொருவர் வந்திருக்கக்கூடும். மீண்டும் காத்திருங்கள். அதற்கும் மசியவில்லை என்றால் ஏலத்தை அறிவித்து நிறுத்திவிட்டு, சர்வரை 'ஃபாஸ்ட்' வழியில் மூட முயலுங்கள். ஒன்பதாம் எண் இந்த வரிசையில் எங்கும் வராது. வந்தே தீரும் என்றால், அது ஒரு புரோசஸை நிறுத்தும் முடிவில்லை, மொத்தச் சர்வரையும் வீழ்த்தி எழுப்பும் முடிவு என்று தெரிந்து எடுங்கள்.